இறங்கியதும் எங்கே தங்குவது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இந்தக் காலத்து மாணவருக்கு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அயல் நகரில் இரண்டு மாதத்துக்கு ஓர் அறையை வாடகைக்குத் தேடிப் பார் என்பதே அது.

கடல் கடந்து போவது ஒரு காலத்தில் பெருங்காரியமாக இருந்தது. சென்னையிலும் நாகையிலும் 'ரஜூலா'க் கப்பல் ஏறியவர்கள் சிங்கப்பூரில் கரை சேரப் பல நாட்கள் ஆயின. இன்றோ சென்னையில் இரவு உணவை முடித்துக்கொண்டு விமானம் ஏறினால் விடியற்காலையில் சாங்கி நிலையத்தில் இறங்கிவிடலாம். போவது எளிதாகிவிட்டது; தங்குவதுதான் அரிதாகிவிட்டது.

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் பல்கலைக்கழகத்து மாணவர் சிலருக்குச் சிங்கப்பூரிலிருந்து பயிற்சிக்கு அழைப்பு வருகிறது. எட்டு வாரம், பத்து வாரம் அங்கே ஒரு நிறுவனத்திலோ ஆய்வுக்கூடத்திலோ வேலை பழக வேண்டும். அழைப்புக் கடிதத்தில் உதவித்தொகை எவ்வளவு, எந்த நாள் வந்து சேர வேண்டும், என்னென்ன சான்றிதழ் கொண்டு வர வேண்டும் என்றெல்லாம் விரிவாக எழுதியிருக்கும். கடைசியில் ஒரு வரி இருக்கும்: "தங்குமிட ஏற்பாட்டைப் பயிற்சியாளரே செய்துகொள்ள வேண்டும்." அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மூன்று கதவுகள்

சிங்கப்பூரில் குடியிருக்க விரும்பும் புதியவருக்கு மூன்று கதவுகள் உள்ளன.

முதற் கதவு, அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்கு வீடுகள். 'வீவக வீடு' என்று அங்குள்ள தமிழர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். அந்நாட்டுக் குடும்பங்களில் பத்துக்கு ஏழெட்டு இத்தகைய வீடுகளில்தான் வாழ்கின்றன. வாடகையும் இங்கேதான் ஓரளவு மட்டு. ஆனால் இங்கே ஆறு மாதத்துக்குக் குறைந்து எவருக்கும் வாடகைக்கு விடக் கூடாது. அயல்நாட்டவராயின், விண்ணப்பிக்கும் நாளில் அவருடைய அனுமதிச் சீட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். குறுகிய காலப் பயிற்சிக்குப் பெரும்பாலும் வழங்கப்படும் பயிற்சி வேலை அனுமதியோ மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. ஆகவே இந்தக் கதவு நமக்கு அடைத்த கதவு.

இரண்டாவது கதவு, தனியார் கட்டிய கொண்டோமினிய வீடுகள். காவலாளி நிற்கும் வாயில், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் உள்ள உயரமான குடியிருப்புகள் இவை. படத்தில் பார்த்தாலே மனம் பறிகொடுக்கும் மாணவர் பலர். இங்கே குறைந்த காலம் மூன்று மாதம். முன்பு இதுவும் ஆறு மாதமாகத்தான் இருந்தது. 2017 ஜூன் 30 முதல் மூன்று மாதமாகக் குறைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் அது சட்டத்துக்குப் புறம்பான குறுகிய கால வாடகை.

மூன்றாவது கதவு, விடுதிகளும் 'சர்வீஸ் அபார்ட்மென்ட்' எனப்படும் பணிவசதியுள்ள அடுக்கு வீடுகளும். பின்னதில் ஏழு நாள் தங்கினாலும் போதும். விடுதியில் ஓர் இரவு தங்கலாம். ஆனால் அவை வணிக நிறுவனத்தார் தம் அதிகாரிகளைத் தங்கவைப்பதற்கென ஏற்பட்டவை. நாள் கணக்கில் வாடகை. நம் மாணவர் பெறும் உதவித்தொகை அதில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கிவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பயிற்சி பத்து வாரம். ஒரு கதவு ஆறு மாதம் கேட்கிறது. ஒரு கதவு மூன்று மாதம் கேட்கிறது. ஒரு கதவு பணத்தைக் கேட்கிறது. பத்து வாரக்காரர் மூன்றுக்கும் நடுவே தெருவில் நிற்கிறார்.

சட்டம் கொடுமையானதா?

இவ்வளவையும் கேட்டவுடன், "என்ன கொடுமையான சட்டம்!" என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வதற்கு முன் சற்றுப் பொறுத்து எண்ண வேண்டும்.

அந்நாட்டின் பரப்பு சுமார் 730 சதுர கிலோமீட்டர். மக்கள் 60 இலட்சம். நிலம் பொன்னினும் அரிதாக உள்ள இடத்தில், குடியிருக்கக் கட்டிய வீட்டை இன்று ஒருவருக்கும் நாளை ஒருவருக்கும் நாள் வாடகைக்கு விட்டால், இலாபம் அதிகம் என்று எல்லா வீட்டுக்காரரும் அதையே செய்ய முற்படுவர். குடியிருக்க வீடு தேடும் குடும்பத்துக்கு வாடகை ஏறும். பக்கத்து வீட்டில் வாரந்தோறும் புதிய முகம். குழந்தைகளை நம்பி வெளியே விட முடியாது. இதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம். 2018இல் கொண்டோமினிய வீடுகளை இப்படிக் குறுகிய காலத்துக்கு விட்ட இருவருக்குத் தலா 60,000 வெள்ளி அபராதம் விதித்தது நீதிமன்றம். விதியைத் தளர்த்தலாமா என்று அந்த அரசு பின்னர் மக்களைக் கலந்து ஆராய்ந்தது. வேண்டாம் என்று 2019இல் முடிவு செய்தது.

இதன் நியாயத்தைக் காசியில் வாழும் நாம் எளிதில் உணரலாம். கங்கைக் கரையோரச் சந்துகளில் நடந்து பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் எத்தனை இன்று யாத்திரிகர் தங்கும் விடுதிகளாக மாறிவிட்டன! பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே அறை தேடும் ஆராய்ச்சி மாணவர்களைக் கேட்டால், பெருமூச்சே விடையாகக் கிடைக்கும். வீடு வேறு, விடுதி வேறு என்று ஓர் அரசு கோடு போட்டால் அதை நாம் குறை சொல்வதற்கில்லை.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். நாலு நாள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவரும், பத்து வாரம் உழைத்துக் கற்க வந்தவரும் ஒன்றா? முன்னவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவர். பின்னவர் அந்நாட்டு அரசே அனுமதி கொடுத்து, அந்நாட்டு நிறுவனமே அழைத்து வந்தவர். இருவரையும் ஒரே வலையில் பிடிப்பது பொருந்தாது. அதற்காகச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல நாம் யார்? அது அந்நாட்டு மக்களின் பொறுப்பு. நாம் கேட்க வேண்டிய இடம் வேறு. "வா" என்று அழைக்கும் நிறுவனத்தைக் கேட்க வேண்டும். பத்து வாரத்துக்கு ஒருவரை அழைக்கும்போதே, அந்த ஊரில் பத்து வாரத்துக்கு நேர்வழியில் எளிய அறை கிடைப்பது அரிது என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாதா? தெரிந்தும், "ஏற்பாட்டை நீயே செய்துகொள்" என்று எழுதுவது, விருந்துக்கு அழைத்துவிட்டு இலையை வீட்டிலிருந்து எடுத்து வா என்று சொல்வது போன்றது.

பின்வாசல்

நேர்வாசல் அடைத்திருந்தால் பின்வாசல் திறந்திருக்கும் என்பது உலக இயல்பு. அங்கும் அப்படித்தான். "கொண்டோவில் அறை, இரண்டு மாதத்துக்குத் தருகிறோம். ஒப்பந்தம் வேண்டாம். வாயிற் காவலர் கேட்டால் வீட்டுக்காரரின் உறவினர் என்று சொல்லிக்கொள்ளுங்கள். வாடகையைக் கையில் கொடுத்தால் போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. வாடகையும் சிறிது குறைவாக இருக்கும். "எல்லாரும் செய்வதுதானே, நாமும் செய்தால் என்ன?" என்று நம்மவர் கேட்கிறார்கள்.

என்ன என்று சொல்கிறேன். ஒப்பந்தம் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைகிறவருக்கு அந்த வீட்டுக்குள் குரல் இல்லை. முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் யாரிடம் முறையிடுவார்? நள்ளிரவில் "நாளைக் காலையில் காலி செய்" என்றால் எந்தச் சீட்டைக் காட்டுவார்? முறையிடப் போனால் முதலில் தாமே சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியதை ஒப்புக்கொள்ள நேரும். அந்தப் பயம்தான் பின்வாசல்காரரின் மூலதனம். வாடகையில் மிச்சமாகும் சில நூறு வெள்ளி, வாய் மூடியிருப்பதற்கான கூலியே.

நேர்வழியில் போனால் எவ்வளவு செலவு? ஒரு கணக்குக்காக, அறை வாடகை மாதம் 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத ஒப்பந்தத்துக்கு 4,500 வெள்ளி. பத்து வாரத்துக்கு மட்டும் என்றால் சுமார் 3,460 வெள்ளி. தங்காத மூன்று வாரத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் வீணாகிறது. இது சிறு தொகை அன்று. ஏழை மாணவருக்குப் பெருஞ்சுமை. இந்தச் சுமையை மறைத்துவிட்டு நேர்மையை மட்டும் உபதேசிக்க நான் விரும்பவில்லை. ஆனால் இந்த ஆயிரம் வெள்ளியைத்தான் நிறுவனத்திடம் கேட்க வேண்டும் என்கிறேன். "உங்கள் நாட்டுச் சட்டப்படி மூன்று மாதத்துக்குக் குறைந்து அறை இல்லை; ஆகவே மூன்று மாத வாடகையைக் கணக்கிட்டு உதவித்தொகை தாருங்கள், அல்லது தங்குமிடம் தாருங்கள்" என்று கடிதம் எழுதினால் அது பிச்சை கேட்பதாகாது; கணக்குக் காட்டுவதாகும். பயிற்சி ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் என்றால், விடுமுறையில் மாணவர் விடுதி அறை கிடைக்குமா என்று அத்துறையையே முதலில் கேட்க வேண்டும். கேட்காமலே கொண்டோ தேடப் புறப்படுவோர் பலர்.

மூன்று மாதத்துக்கு எடுத்துவிட்டு, கடைசி மூன்று வாரத்தை வேறொரு நண்பருக்கு உள்வாடகைக்கு விடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். அந்த மூன்று வாரமும் மூன்று மாதத்துக்குக் குறைவானதுதான். அப்போது சட்டத்தை மீறியவர் வீட்டுக்காரர் அல்லர், நீங்கள்.

இங்கிருந்தே பணம் அனுப்பலாமா?

பின்வாசலைவிட மோசமானது, வாசலே இல்லாத வீடு. ஒரு கொண்டோவின் படம், ஒரு முகவரின் அடையாள அட்டை, குறைந்த வாடகை, "இன்று முன்பணம் அனுப்பாவிட்டால் நாளை வேறொருவருக்குப் போய்விடும்" என்ற அவசரம். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அங்கே அறை இல்லை என்று கொள்க. படம் வேறொருவர் வீட்டுப் படமாக இருக்கும். அடையாள அட்டை வேறொருவர் பெயரில் அச்சடித்ததாக இருக்கும்.

இதற்கு மருந்து கடினமானதன்று. சிங்கப்பூரில் வீட்டுத் தரகு செய்யும் ஒவ்வொருவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2010இல் அமைந்த சொத்து முகவர் மன்றம் அவர்களுடைய பெயர், பதிவு எண், தொலைபேசி எண் ஆகியவற்றை யாவரும் காணும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர் இருந்தால் மட்டும் போதாது. உங்களோடு பேசும் தொலைபேசி எண்ணும் அந்தப் பதிவேட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். திருடர் பெயரைத் திருடலாம்; பதிவேட்டிலுள்ள எண்ணைத் திருட முடியாது. அந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். வீட்டுக்காரர் நேரடியாகப் பேசினால், வீடு அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று நில ஆணையத்தின் பதிவில் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். சந்தேகம் தோன்றினால் மோசடி பற்றிக் கேட்பதற்கென்றே அங்கே 1799 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: கண்ணால் காணாத அறைக்குக் காசு கொடுக்காதீர்கள். முதல் ஏழெட்டு நாட்களுக்கு உரிமம் பெற்ற சிறு விடுதியில் படுக்கை ஒன்றை மட்டும் முன்பதிவு செய்துகொண்டு புறப்படுங்கள். சிராங்கூன் சாலையைச் சுற்றிய குட்டி இந்தியாப் பகுதியில் அத்தகைய விடுதிகள் பல உள்ளன. பசித்தால் இட்லிக்கும் பஞ்சமில்லை. அங்கிருந்து அறைகளை நேரில் போய்ப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். குளிர்சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகும் நேரத்தில் இரயிலேறி எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அதன் பிறகு கையெழுத்து.

கையெழுத்திடும் ஒப்பந்தத்தை இரவல் நாவலைப் படிப்பது போல் புரட்டாதீர்கள். முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், மின்சாரக் கட்டணத்தில் உங்கள் பங்கு என்ன, குளிர்சாதனம் பழுதானால் யார் செலவு, அடுப்புப் பற்றவைக்கலாமா என்ற ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். குடி புகும் நாளில் சுவரிலுள்ள கீறல் முதல் மெத்தையிலுள்ள கறை வரை படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவையுங்கள். வீட்டுக்காரர் உங்கள் கடவுச்சீட்டையும் அனுமதியையும் மூலத்தில் பார்க்கக் கேட்பார். அது அவர் கடமை, கோபப்படாதீர்கள். பார்க்கக் கொடுங்கள், வைத்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்ட மறக்கக் கூடாது. மொத்த வாடகையில் 0.4 விழுக்காடுதான். நாம் மேலே எடுத்துக்கொண்ட 4,500 வெள்ளிக்கு 18 வெள்ளி. அந்தப் பதினெட்டு வெள்ளிதான் உங்கள் காகிதத்தை நீதிமன்றம் ஏற்கும் சான்றாக ஆக்குகிறது. முன்பணம் திரும்பாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளை, 20,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமலே அங்கே பேசித் தீர்க்கலாம். முன்வாசல் வழியாக வந்தவருக்குத்தான் இந்த உரிமையெல்லாம் என்பதை மறவாதீர்.

"இந்தியருக்கு இல்லை"

நிற்க. இன்னொரு கசப்பான செய்தியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அறை விளம்பரங்களில் "இந்தியருக்கு இல்லை" என்று வெளிப்படையாக எழுதிய காலம் அங்கே இருந்தது. அப்படி எழுதக் கூடாது என்று முகவர்களுக்கு இப்போது நெறிமுறை உண்டு. ஆனால் எழுதாத சொல்லைத் தொலைபேசியில் கேட்கலாம். பெயரைக் கேட்டதும், "மன்னிக்கவும், அறை இப்போதுதான் போய்விட்டது" என்பார்கள். "சமையல் மணம்" என்று காரணம் சொல்வோரும் உண்டு. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் நாட்டில் தமிழ் பேசும் மாணவருக்கு இந்த விடை கிடைக்கும்போது நெஞ்சு சுடத்தான் செய்யும்.

சுடட்டும். ஆனால் அந்தச் சூட்டோடு நம் வீட்டு வாசலையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். சென்னையில் "சைவ உணவினருக்கு மட்டும்" என்ற பலகை எத்தனை வாசல்களில் தொங்குகிறது! அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது உணவைப் பற்றிய கேள்வி மட்டுமா? ஊர்ப் பெயரையும் குலத்தையும் சுற்றி வளைத்துக் கேட்ட பிறகே சாவியை எடுக்கும் வீட்டுக்காரர் நம் தெருவில் இல்லையா? மணமாகாத பெண்ணுக்கும், வேற்று மதத்தவருக்கும், வடகிழக்கிலிருந்து வந்த மாணவருக்கும் நம் நகரங்கள் சொல்லும் விடை என்ன? சிங்கப்பூர் வீட்டுக்காரர் மூடும் கதவைக் கண்டு கொதிப்பவர், தம் தந்தையார் வாடகைக்கு விடும் மாடியறையின் கதவை முதலில் திறந்து வைக்கட்டும். அப்போதுதான் அந்தக் கொதிப்புக்கு மதிப்பு உண்டு.

சத்திரமும் கிட்டங்கியும்

புதிய ஊரில் வந்திறங்குபவரின் தவிப்பை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். நாம் படிக்கும் இந்தக் காசியே அதற்குச் சான்று. கேதார கட்டத்தில் குமரகுருபரர் நிறுவிய மடம் 17ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் தென்னாட்டிலிருந்து வரும் யாத்திரிகருக்கு இன்றும் இடம் தருகிறது. தந்தையை இழந்த பாரதியார் 1898இல் இந்நகருக்கு வந்தபோது அனுமன் கட்டத்தில் அவருக்கு அத்தை வீடு இருந்தது. அந்த அத்தையின் ஒரு மூலை இல்லாதிருந்தால் அவருடைய காசிப் படிப்பு என்ன ஆகியிருக்குமோ!

சிங்கப்பூரிலும் அப்படியே. மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரு நீண்ட கூடம். அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு கணக்கு மேசை, படுக்க ஒரு பாய் இடம். கப்பலிலிருந்து இறங்கும் இளைஞர் நேரே கிட்டங்கிக்குப் போவார். பொதுச் சமையலில் சாப்பிடுவார். தம் காலில் நிற்கும் வரை அங்கேயே இருப்பார். மாலையில் டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில். அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருந்த ஏழைத் தொழிலாளிக்கு அந்தக் கதவு திறந்ததா என்றால், இல்லை. அந்தக் குறையோடுதான் அதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் அதிலுள்ள பாடம் பெரிது. புதியவரின் முதல் மாதத்தைச் சமூகம் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. இன்று அந்தக் கிட்டங்கிகள் இல்லை. வானளாவும் வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன. அந்தப் பொறுப்பும் அவற்றோடு இடிந்து போக வேண்டுமா?

சங்கம் செய்யக்கூடியது

நம் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது, பேச்சுப் போட்டி நடத்துகிறது, மலர் வெளியிடுகிறது. யாவும் வேண்டியவையே. அவற்றோடு நான்கு காரியங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, ஒரு பதிவேடு. அயல் நகரில் தங்கித் திரும்பும் ஒவ்வொரு மாணவரும் அதில் ஒரு பக்கம் எழுத வேண்டும். எந்தப் பகுதி, எத்தனை வாடகை, முன்பணம் எத்தனை நாளில் திரும்பியது, மறுபடியும் போனால் அங்கேயே தங்குவாரா என்ற நான்கு கேள்விக்கு விடை போதும். வீட்டுக்காரரின் பெயரையோ முகவரியையோ அவர் இசைவின்றி எழுத வேண்டாம். அனுபவம் தனியாள் மூளையில் இருந்தால் அவர் பட்டம் பெற்றுப் போனதும் அதுவும் போய்விடும். ஏட்டில் இருந்தால் ஆண்டுதோறும் வளரும்.

இரண்டு, ஒரு கடிதம். பயிற்சிக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்களுக்கு, பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பிரிவின் வழியாக, தங்குமிடம் பற்றிய கேள்வியை முன்கூட்டியே கேட்கும் கடிதம். தனி மாணவர் கேட்டால் கிடைத்த வாய்ப்புப் போய்விடுமோ என்று அஞ்சுவார். அலுவலகம் கேட்டால் அது நடைமுறை.

மூன்று, ஒரு தோழமை. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களிலும் தமிழ் மாணவர் அமைப்புகள் இயங்குகின்றன. அவர்களோடு நாம் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். நம் மாணவர் எடுக்கப்போகும் அறையை அங்குள்ள ஒரு தமிழ் மாணவர் போய் ஒருமுறை பார்த்துச் சொன்னால், ஆயிரம் படங்கள் தராத உறுதியை அது தரும். பதிலுக்கு, காசியைக் காண வரும் அவர்களுடைய உறுப்பினரை நாம் வரவேற்கலாம்.

நான்கு, ஒரு சிறு நிதி. முன்பணமாக ஒரு மாத வாடகையைக் கட்ட இயலாமல் பயிற்சியையே கைவிட எண்ணும் மாணவருக்கு அத்தொகையைக் கடனாகக் கொடுத்து, முன்பணம் திரும்பியதும் வாங்கிக்கொள்வது. முதல் ஆண்டில் ஒருவருக்கு உதவ முடிந்தாலும் போதும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விமானம் ஏறுவதும், விவசாயி வீட்டுப் பிள்ளை கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைப்பதும் திறமையால் வந்த வேறுபாடு அன்று. ஒரு மாத முன்பணத்தால் வந்த வேறுபாடு.

"இலக்கியம் வளர்க்க வேண்டிய சங்கத்துக்குத் தரகு வேலை எதற்கு?" என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். மொழி வெறும் மேடையில் வளர்வதில்லை. முன்பின் தெரியாத ஊரில், இரவு பத்து மணிக்கு, பெட்டியோடு நிற்பவரிடம் "சாப்பிட்டாயா? இங்கே படுத்துக்கொள்" என்று தமிழில் ஒருவர் சொல்கிறாரே, அங்கேயும் வளர்கிறது.

சிங்கப்பூர் தொலைவில் இருக்கிறது. தொடங்குவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது தமிழ்நாட்டிலிருந்து புதிய மாணவர்கள் காசி நிலையத்தில் வந்து இறங்குவார்கள். இந்தி தெரியாது, விடுதி அறை ஒதுக்க இன்னும் நாளாகும், அப்பாவின் கையில் திரும்பிப் போக வேண்டிய பயணச் சீட்டு. அவர்களுக்கு முதல் ஏழு நாள் எங்கே என்பதை இப்போதே நாம் முடிவு செய்து வைப்போம். பதிவேட்டின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.